என் முகத்தைப் பார்த்து வாழ்ந்தவர்

ஸ்டவ் தீப்பிடித்தபோது அவர் ஸ்டவ்வைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. நான் சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். காரைக்குடியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு செட்டியார் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஓர் அறையில் நான். மற்றதில் அதே கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்த அவர். கல்லல் ஊர்க்காரர், தனி ஆள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

அன்று காலை பம்ப் ஸ்டவ்வில் காற்று அதிகமாகிவிட்டது. குப்பென்று தீ உத்தரம் வரை எழும்பியது. அக்கா அதன் அருகிலேயே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முந்தானை ஸ்டவ்வுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பஸ்ஸில் ஊர்ப் பலகையைப் படிப்பதுபோல் என் கண்ணையும் வாயையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் கண்கள் விரிந்தன, வாய் திறந்தது, என்னுடைய வாய் எப்படித் திறந்திருந்ததோ அப்படியே. உடனே முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து, வாசல் மிதியடிச் சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி ஸ்டவ்வின் மேல் போட்டார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் அந்த வரிசை சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

"பயந்துட்டீகளாக்கா?" என்று கேட்டேன்.

"நீ பயந்தேல்ல," என்றார்.

அவருக்குக் கல்லூரியில் எலி மேடம் என்று பெயர். விலங்கியல் துறையின் பின்னால் ஒரு சிறிய அறையில் வெள்ளைச் சுண்டெலிகளை வளர்த்து ஆராய்ச்சி செய்துவந்தார். மாணவிகள் அவரைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ஒருமுறை வகுப்பறை ஜன்னல் வழியாகப் பாம்பு வந்துவிட்டது. பெண்கள் பெஞ்சு மேல் ஏறி அலறினார்கள். மேடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்தாராம். பாம்பு வந்த வழியே போய், எல்லோரும் மூச்சு விட்ட பிறகு மேடம் வீலென்று கத்தினாராம். "மேடத்தோட கத்தல் கல்லல் பாசஞ்சர் மாதிரி, லேட்டாத்தான் வரும்," என்பார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஸ்டவ்வை நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். மின்சாரத்தை மிக மிகக் கொஞ்சமாக, நினைத்த அளவில், நினைத்த நேரத்தில் விடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி வேண்டும். என் வேலையே அதுதான் என்பதால் சந்தோஷமாகச் செய்து கொடுத்தேன். ஒரு சுவிட்சு, திருகினால் அளவு மாறும் ஒரு குமிழ், முள் காட்டும் ஒரு மீட்டர். அதிலிருந்து வரும் மின்சாரத்தை விரலால் தொட்டால் தெரியக்கூடத் தெரியாது.

பெட்டியைக் கொண்டுபோய் வைத்த அன்றுதான் அந்த எலி அறைக்குள் முதன்முதலாகப் போனேன். தவிடும் ஈதர் மயக்கமருந்தும் மூத்திரமும் கலந்த வாடை. மேசையில் ஒரு பித்தளைச் சட்டம் இருந்தது. எலியை மயக்கி அதன் தலையை அசையாமல் அதில் பொருத்தி, மண்டையில் ஊசித் துளையிட்டு, தலைமுடியைவிடச் சற்றே தடித்த ஒரு கம்பியை மூளைக்குள் இறக்குவார். கம்பி முழுக்க வார்னிஷ் பூச்சு. நுனி மட்டும் வெறுமை. பல் டாக்டர்கள் பயன்படுத்தும் சிமெண்டால் அதை அங்கேயே நிறுத்திவிடுவார். இரண்டு நாளில் எலி எழுந்து தின்று குடித்து மற்ற எலிகளைப்போல் ஓடித் திரியும். தலையில் மட்டும் ஒரு சின்னக் கொண்டை இருக்கும்.

"இங்குட்டு வந்து நில்லு," என்றார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலி நிலக்கடலையை இரண்டு கைகளிலும் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. கொண்டையிலிருந்து ஒரு வயர் மேலே போனது. அக்கா நான் செய்த சுவிட்சை அழுத்தினார்.

கடலை கீழே விழுந்தது. எலி ஒரு கணம் விறைத்தது. அடுத்த கணம் சுவரில் மோதியது, எழும்பிக் குதித்தது, மூலையில் பிறாண்டியது, மறுபடி குதித்தது. அதன் கண்கள் பிதுங்கியிருந்தன. நான் ஓரடி பின்னால் போனேன். பெட்டிக்குள் வேறு எதுவும் இல்லை. பாம்பில்லை, பூனையில்லை, சத்தமில்லை.

அக்கா கையை எடுத்தார். எலி நின்றது. மூக்கைத் தடவிக்கொண்டது. போய்க் கடலையை எடுத்துக் கொறிக்கத் தொடங்கியது.

"எதைப் பாத்துப் பயந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணையும் பாக்கலையே."

"பாக்க வேணாம். நடுமூளையில அந்த எடத்துல கரண்ட் பட்டாப் போதும். ஓடும். கம்பிய ஒரு மயிரிழை கீழ எறக்கினா ஓடாது, அப்படியே ஒறைஞ்சு நிக்கும். இன்னும் முன்னால, ஹைபோதலாமஸ்னு ஒரு எடம். அங்க ஒரு புள்ளியில விட்டா வயிறு முட்டத் தின்ன எலி திரும்பத் திங்கும். பக்கத்துப் புள்ளியில விட்டா மரக்கட்டையக் கடிச்சுக் கொதறும்."

"கோவமாக்கா?"

"கோவம்னு நீ சொல்ற. கடிச்சுச்சுன்னு மட்டும் நான் எழுதுவேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: "எலி குதிச்சப்ப ஒன் மொகமும் மாறுச்சே. ஒனக்கு எவரு சுவிட்சப் போட்டாக?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் என்னைக் கலக்கியது. அன்று மாலை நடந்து வரும்போது என் தலைக்குள்ளும் ஓர் இடம் இருக்கிறது, யாராவது தொட்டால் நானும் சுவரில் மோதுவேன் என்ற நினைப்பு விட்டுப் போகவேயில்லை. அம்மா, அப்பா, வயல், படித்த படிப்பு எல்லாம் அந்த ஒரு புள்ளிக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அடுத்த சில மாதங்களில் அவர் வேறொன்று செய்தார். கம்பியில் கூடுதலாக மின்சாரம் விட்டு, எலியை ஓடவைத்த அந்த இடத்தைப் பொசுக்கினார். அப்படிப் பொசுக்கிய எலிகளில் ஒன்றைக் கூண்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்கார ஆச்சி ஒரு பூனை வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை பகல். பூனை வளவு முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் படுத்திருந்தது. அக்கா கூண்டைப் பூனைக்கு முன்னால் வைத்தார்.

பூனை எழுந்து முதுகை வளைத்தது. எலி கம்பி வலை வரைக்கும் நடந்து வந்தது. ஓடிவரவில்லை, தயங்கவுமில்லை. பின்னங்கால்களில் நின்று வலைக்கு வெளியே மூக்கை நீட்டிப் பூனையின் மூக்கை மோந்து பார்த்தது.

ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு, "என்ன கருமம்மா இது, எடுத்துட்டுப் போங்க," என்றார். எனக்கும் அதைப் பார்க்க முடியவில்லை. அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த எலியை, ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் சொன்னார். ஒன்பது வயதில் அவருக்கு மூளைக் காய்ச்சல் வந்திருக்கிறது. பிழைத்ததே பெரிது என்றார்களாம். அதற்கு முன்னால் அவர் சரியான பயந்தாங்கொள்ளி. கிணற்றுப் பக்கம் போகமாட்டார், ரயில் எஞ்சின் சத்தம் கேட்டால் அம்மாவின் சேலைக்குள் ஒளிவார். காய்ச்சல் விட்டு எழுந்த பிறகு ஒரு நாள் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து உள்ளே காலைத் தொங்கப் போட்டிருக்கிறார். அம்மா பார்த்து மயங்கி விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கால்களைச் சேலைத் துணியால் தூணோடு கட்டிப் போட்டுவிட்டுத்தான் அம்மா அடுப்பு வேலை பார்ப்பாராம்.

"வலிக்கும், அழுகை வரும், கோவம் வரும். அது மட்டும் போயிருச்சு," என்றார். "பயந்திருக்கேன்னு ஞாபகம் இருக்கு. பயம் எப்படி இருக்கும்னுதான் ஞாபகம் இல்ல."

"அப்பறம் எப்படிக்கா இத்தனை வருசம்..."

"அம்மா இருக்குற வரைக்கும் அம்மா மொகம். காலேஜ்ல ரூம்மேட்டு மொகம். இப்ப ஒன் மொகம். ஒனக்கு மொகம் நல்லாத் தெளிவா இருக்கு. எதுக்கு எவ்வளவு பயப்படணுமோ அவ்வளவுதான் பயப்படுற."

வேறு யாராவது அப்படி ஒரு பாராட்டைப் பெற்றிருப்பார்களா தெரியாது. எனக்கு அன்றிலிருந்து முகம் பாரமாகிவிட்டது. அவரோடு நடக்கும்போது நான் எதையாவது கவனிக்காமல் விட்டால் அவர் செத்துப்போவார். கரண்ட் கம்பி தொங்கினால் நான் பயப்பட வேண்டும். கண்மாய் நிறைந்து தளும்பினால் நான் பயப்பட வேண்டும். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவரை விட்டு வேறு வீடு பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுப்பவர், என் சம்பளம் பற்றாத மாதங்களில் கேட்காமலே அரிசி வாங்கிப் போடுபவர், ஊரிலிருந்து என் அண்ணன் வந்து கல்யாணத்துக்கு வற்புறுத்தியபோது, "அதுக்கு இஷ்டமில்லைங்குதுல்ல, விடுங்க," என்று நேருக்கு நேர் சொன்னவர். அண்ணன் மீசையை முறுக்கியதெல்லாம் அவரிடம் பலிக்கவில்லை. அவருக்கு அது புரியவேயில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அந்த எலி பிழைக்கவில்லை. ஒரு நாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது வளவில் அக்கா உட்கார்ந்திருந்தார். கூண்டு திறந்து கிடந்தது. "மூடி சரியா மாட்டலை போல," என்றார். "நான் வரும்போது அது பூனையோட முன்னங்காலு மேல ஏறிக்கிட்டு இருந்துச்சு. பூனைதான் மொதல்ல பின்னால போச்சு. அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. எலி அது பின்னாலயே போச்சு." கூண்டின் மூடியை எடுத்து மாட்டினார். "பெறகு பூனைக்குத் தெரிஞ்சு போச்சு," என்றார்.

"நீங்க வெரட்டலையாக்கா?"

"நீ இல்லையே," என்றார்.

வெறிநாய் வந்தது அடுத்த கோடையில். காலையில் நாங்கள் இருவரும் ஊருணிக் கரை வழியாகக் கல்லூரிக்கு நடந்துகொண்டிருந்தோம். எதிரே செம்மண் பாதையில் ஒரு நாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரே நேர்கோட்டில் வந்தது. வாயிலிருந்து நூலாக ஒழுகியது. யாரோ எங்கிருந்தோ, "வெறிநாய், வெலகுங்க, வெலகுங்க," என்று கத்தினார்கள்.

எனக்கு எல்லாம் தெரிந்தது. ஓட வேண்டும் என்று தெரிந்தது. பக்கத்திலேயே ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது தெரிந்தது. கால் எழும்பவில்லை. அக்கா என் முகத்தைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. வழக்கமாக என் முகத்தைப் பார்த்ததும் அவர் விலகிவிடுவார். அன்று விலகவில்லை. நிதானமாக எனக்கும் நாய்க்கும் நடுவில் வந்து நின்றார். நாய் எழும்பியபோது இடது கையை நீட்டிக் கொடுத்தார். அது முழங்கைக்குக் கீழே கவ்வியது. அவர் வலது கையால் அதன் பிடரியைத் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆட்கள் கம்புகளோடு வரும் வரைக்கும் அப்படியே குந்தியிருந்தார். முகத்தில் வலி இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஊருணித் தண்ணீரில் நான் சோப்புப் போட்டு அந்தக் கையைக் கழுவினேன். சோப்பு இரண்டு தடவை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

"ஏங்க்கா முன்னால வந்தீக?"

"ஒன் மொகத்துல அவ்வளவு பயத்த நான் பாத்ததில்ல. அது போகட்டும்னு வந்தேன்." பிறகு, "நீ ஓடாம ஒறைஞ்சுட்டே பாரு. கம்பி கொஞ்சம் கீழ எறங்கிருச்சு," என்று சிரித்தார்.

பெரியாஸ்பத்திரியில் அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி போடுவார்கள். வயிறு வீங்கிக் கல்லாகிவிடும். முதல் நாட்களில் நானும் கூடப் போனேன். அதற்குள் ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தது. "நீங்க தவறாமப் போயிருவீகள்லக்கா?" என்று கேட்டேன். "போறேன், போறேன். எனக்குத் தெரியாதா," என்றார். அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. நஞ்சு கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மெதுவாக ஏறி மூளைக்குப் போகும், போய்ச் சேர்ந்த பிறகு எந்த மருந்தும் கிடையாது என்று எனக்கு விளக்கிச் சொன்னதே அவர்தான்.

அப்பா தேறிய பிறகு நான் திரும்பி வந்தேன். நேராக எலி அறைக்குப் போனேன். அவர் கூண்டுகளில் தவிடு மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஊசி முடிஞ்சுதாக்கா?"

"இல்ல. நீ போன மறுநா போனேன். அப்பறம் போகலை."

"ஏங்க்கா?" என்றேன்.

"காலையில கெளம்புவேன்," என்றார். "வழியில ஒருத்தர் நின்னு பேசுவாக. இல்லாட்டி எலிக்கு ஈதர் வாங்கணும்னு நெனப்பு வரும். அங்குட்டுத் திரும்பிருவேன். ஆஸ்பத்திரி போகணும்னு தெரியும். போகாட்டி என்ன ஆகும்னும் தெரியும். தெரிஞ்சது கால நகத்த மாட்டேங்குது. பொசுக்குன இந்த எலிகளும் அப்படித்தான். இந்த மூலையில ஷாக் அடிக்கும்னு அதுகளுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் போகுதுக."

அவர் அதை ஒரு புதிய முடிவைச் சொல்வதுபோல் ஆர்வமாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். தவிடு மூட்டை சரிந்து கொட்டியது. அழுதுகொண்டே இழுத்தேன். ரிக்‌ஷாவில் ஏற்றினேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் கூட வந்தார்.

டாக்டர் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "படிச்சவங்க நீங்களே இப்படிப் பண்ணா எப்படிம்மா. நடுவுல விட்டதால போட்டதும் கணக்கில்ல. மொதல்லேருந்து போடணும். போடுவோம். ஆனா நான் எதுவும் சொல்ல முடியாது."

திரும்பவும் முதலிலிருந்து. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுத் தினமும் நான் அழைத்துப்போனேன். ஊசி முடிந்தது. அதன் பிறகு தொடங்கியதுதான் நிஜமான பயம். சிலருக்கு மாதக்கணக்கில் கழித்தும் வரும் என்று சொன்னார்கள். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும், காற்று பட்டாலே துடிப்பார்கள் என்று தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஆச்சி எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்காருவார். மெதுவாகக் குடிப்பார். குடித்துவிட்டு, "பயந்தேனா?" என்று கேட்பார்.

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா? வந்தா எனக்கு அடையாளம் தெரியாது. நீதான் சொல்லணும்."

"இல்லக்கா, ஒண்ணும் இல்ல."

ஒரு நாள் கேட்டேன்: "வரணும்னு நெனைக்கிறீகளாக்கா?"

தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சாகணும்னு இல்ல," என்றார். "ஆனா அந்த நோவு நேரா அங்கதான் போகும். நான் இத்தன வருசமா எலிகளுக்குள்ள தேடுற எடத்துக்கு. போனா அங்க என்ன மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சிரும்."

அவர் வாய்க்கும் தம்ளருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தண்ணீர் இறங்காமல் போயிற்று. தண்ணீரைக் கையில் எடுத்தாலே தொண்டை அடைத்தது. யாருக்கும் தெரியாமல் துணியை நனைத்துப் பிழிந்து குடித்தேன். தெருவில் நாய் குரைத்தால் உட்கார்ந்துவிடுவேன். கதவு சாத்தினால் உடம்பு தூக்கிப் போடும். அவருக்கு நோய் வரவில்லை. மழைக்காலம் வந்தது, போனது, பொங்கல் வந்தது. டாக்டர் இனிமேல் பயமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது விடவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் எலி அறையில் நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். உத்தரத்திலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அக்கா என் முகத்தைப் பார்த்தார். உடனே கையிலிருந்த கூண்டுகளைப் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். மைதானத்தின் பாதி வரை ஓடிய பிறகுதான் நான் பல்லி என்று சொன்னேன். கூண்டுகள் உடைந்து எலிகள் அறையெங்கும் சிதறிக் கிடந்தன.

அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது நிமிராமலே சொன்னார்: "பல்லிக்கும் நாய்க்கும் ஒரே மொகம் வைக்கிறே."

நான் ஓர் எலியை அவரிடம் நீட்டினேன்.

"எது நெசம்னு எனக்குத் தெரிய மாட்டேங்குதும்மா. கொஞ்ச நாளாவே அப்படித்தான். நீ கதவு சத்தத்துக்குப் பதறுறே, நான் எந்திரிச்சு ஓடுறேன். நாளைக்கு நெசமா ஒண்ணு வரும்போது, இதுவும் கதவுன்னு நெனச்சு உக்காந்திருப்பேன்." பிறகு, "ஒன்னைய இப்படி ஆக்குனது நான்தான். அது எனக்குத் தெரியும்," என்றார்.

அந்த வருடக் கடைசியோடு வேலையை விட்டார். திருப்பத்தூரில் அவர் தங்கை இருந்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. போகும் முன் எலிகளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. கம்பி வைக்காத, பொசுக்காத எலிகளைக் கல்லூரிக்குப் பின்னாலிருந்த கருவேலங்காட்டில் திறந்துவிட்டார். அவை தரையில் இறங்கியதும் ஒரு கணம் உறைந்து, பிறகு வேருக்கடியில் பாய்ந்து மறைந்தன. மற்றவற்றை ஒவ்வொன்றாக ஈதர் ஜாடிக்குள் விட்டார். அவை அவர் உள்ளங்கையிலிருந்து ஜாடிக்குள் தாமாகவே நடந்து போயின. அவர் அழுதார். அழுதுகொண்டே ஜாடியின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரை நான் மறுபடி பார்த்தது ஐந்தாறு வருடங்கள் கழித்து. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, தண்ணீர் ஒருவழியாகத் தொண்டையில் இறங்கத் தொடங்கியிருந்தது. திருப்பத்தூரில் சந்தை நாள். பகல் வெயிலில் பஸ் ஸ்டாண்டில் சிங்கம்புணரி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கூட்டத்துக்குள் அக்கா வந்தார். தலை நரைத்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று கூட வந்தது. தங்கை மகள் என்றார். தன்னோடேயே தங்கிப் படிக்கிறது, லீவுக்குக் கல்லல் போகிறோம் என்றார். என்னைக் கண்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தக் குழந்தை எங்களைப் பார்க்கவில்லை. வரும் பஸ்ஸைப் பார்த்தது. பின்னால் வரும் பஸ்ஸைப் பார்த்தது. சந்தைக்கு ஓட்டிப்போகும் மாட்டின் கொம்பைப் பார்த்தது. ஒரு லாரி பின்பக்கமாக வந்தபோது, "பெரியம்மா, இங்குட்டு," என்றது. அக்கா உடனே நகர்ந்தார். குழந்தையின் முகம் வேலை பார்க்கும் பெரியவர்களின் முகம்போல் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இது ரொம்பக் கெட்டி," என்றார் அக்கா பெருமையாக. "எதுக்கு எவ்வளவோ அவ்வளவுதான்."

குழந்தையின் முன்னால் குனிந்து, "தூக்கம் வருதா பாப்பா?" என்று கேட்டேன்.

"தூங்கக் கூடாது," என்றது. "பெரியம்மாவுக்குப் பயம் தெரியாது. நான்தான் பாத்துக்கணும்."

"எவரு சொன்னாக?"

"எவரும் சொல்லலை. எனக்கே தெரியும்."

அக்கா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சிங்கம்புணரி பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அக்காவைச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன். பக்கத்தில் நான் உட்கார்ந்து குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"ஒங்க பஸ் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்," என்றேன். "எனக்கு நல்லாப் பயப்படத் தெரியும். ஒங்க பெரியம்மாகிட்டக் கேட்டுப் பாரு."

குழந்தை என் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தது. பிறகு அக்காவைப் பார்த்தது. அவர் தலையை ஆட்டினார். அதன் உடம்பு முதலில் விறைப்பாகவே இருந்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்தபோது தலையைத் தூக்கியது. நான் அதன் கண்ணைக் கையால் மூடினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து, வாய் திறந்து, அந்த இரைச்சலுக்கு நடுவில் தூங்கிப்போனது.

நான் பஸ்களைப் பார்த்தேன். மாடுகளைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். குழந்தையை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அக்கா எழுந்து நின்று காத்துக்கொண்டிருந்தார்.

எழுப்பினேன்.